எலிப்பொறிச் சுவர்

இங்கிலாந்தின் கட்டடங்கள் என்றதும் நம் மனக்கண்ணில் அரண்மனைகளும் மணிக்கூண்டுகளும் பாராளுமன்றக் கோபுரமும் தோன்றுகின்றன. அந்நாட்டுக் கிராமத்தில் கூலிக்கு ஏர் பிடித்தவன் குடியிருந்த சின்னஞ்சிறு செங்கல் வீட்டைப் பற்றி நமக்கு எவரும் சொன்னதில்லை. கல்லூரியில் நான் வரலாறு பயின்ற மூன்று ஆண்டுகளில் மன்னர்களின் பட்டியலை மனனம் செய்தேன். அவர்களுடைய குடிமக்கள் எத்தகைய சுவருக்குள் உறங்கினார்கள் என்பதைப் பாடநூல் சொல்லவில்லை, ஆசிரியரும் சொல்லவில்லை.

கோவளத்தில் அமர்ந்துகொண்டு சீமைக் குடிலைப் பற்றி எழுதுவானேன் என்று வாசக சகோதரிகள் வினவக்கூடும். நியாயமான வினாதான். அந்த ஏழைக் குடிலின் சுவரில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அச்சூட்சுமம் ஓர் ஆங்கிலேயர் வழியாக நம் நாட்டுக்கு வந்தது. அவருடைய கைவண்ணம் நம் ஊருக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில், முட்டுக்காட்டிலேயே நிற்கிறது. வீடு கட்ட முனைந்து வட்டிக் கடனில் விழுகின்ற நம் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தியும் அதில் அடங்கியிருக்கிறது.

முதலில் அந்தக் குடிலைப் பார்ப்போம். இங்கிலாந்தின் சிற்றூர்களில் செங்கல் நெடுங்காலம் செல்வந்தர் பொருளாகவே இருந்தது. எளியவர்கள் மரச்சட்டங்களை நிறுத்தி, இடையே மிலாறு பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து அப்பிய சுவர்களுக்குள் வாழ்ந்தனர். மேலே வைக்கோற் கூரை. நம் செங்கற்பட்டு மாவட்டத்துக் குயவர் வீட்டுக்கும் அதற்கும் உறவுமுறை சொல்லலாம் போலிருக்கும்! 1666-ஆம் ஆண்டு லண்டன் மாநகரைப் பெருந்தீ அழித்தது. மறு ஆண்டே, இனி லண்டனில் வீடுகளைச் செங்கல்லாலோ கருங்கல்லாலோதான் கட்டவேண்டும் என்று சட்டம் பிறந்தது. ஊர்ப்புறங்களிலும் செங்கல் மெல்ல மெல்லப் பரவலாயிற்று. வண்டிச் சத்தம் கொடுத்துத் தொலைவிலிருந்து கல் கொண்டுவர ஏழைக்கு வழியேது? எனவே ஊர்க் களிமண்ணை வெட்டி ஊரிலேயே சூளையிட்டார்கள். இரும்புச்சத்து மிகுந்த மண் சிவப்பாக வெந்தது. சுண்ணாம்பு கலந்த மண் வெளிர்மஞ்சளாக வெந்தது. ஒரு கிராமத்தின் வீடுகள் யாவும் அந்தக் கிராமத்து மண்ணின் நிறத்திலேயே நின்றன.

வீடோ மிகச் சிறியது. கீழே இரண்டு அறை, மேலே கூரைக்கடியில் இரண்டு அறை, அவ்வளவே. வீட்டின் உயிர்நாடி கணப்படுப்பு. சமையலும் குளிர்காய்தலும் துணி உலர்த்துதலும் அங்கேதான். புகைபோக்கியும் செங்கல்லால் ஆனதே. குளிருக்கு அஞ்சியும் கண்ணாடியின் விலைக்கு அஞ்சியும் சன்னல்களைச் சிறிதாக வைத்தார்கள். சன்னலின் மேல் பொறுப்பதற்கு மரமோ கல்லோ இல்லையெனில், செங்கல்லையே வளைவாக அடுக்கிவிடுவார்கள். அழகுக்கென்று தனியாக ஒரு காசும் செலவிடப்படவில்லை. ஆனால் அழகு வந்துவிட்டது. கல்லை ஒழுங்காக அடுக்கியதிலிருந்தே அது வந்தது.

அடுக்கும் முறைகளுள் இரண்டு புகழ்பெற்றவை. ஒரு வரிசை முழுவதும் கல்லை நீளவாட்டில் வைத்து, அடுத்த வரிசை முழுவதும் குறுக்குவாட்டில் வைப்பது ஒன்று. இதற்கு ‘இங்கிலீஷ் பாண்ட்’ என்று பெயர்; நம் கொத்தனார்களும் அறிந்ததே. ஒரே வரிசையில் நீளக் கல்லும் குறுக்குக் கல்லும் மாறிமாறி வருவது மற்றொன்று. அது ‘ஃபிளெமிஷ் பாண்ட்’. இவ்விரண்டிலும் கல் தட்டையாகப் படுத்திருக்கும். சுவர் முழுக்கக் கல்லாலும் கலவையாலும் நிறைந்து கெட்டியாக இருக்கும்.

1784-இல் ஒரு புதுமை நிகழ்ந்தது. அமெரிக்காவில் போரிட்டுத் தோற்ற செலவை ஈடுகட்ட ஆங்கில அரசு செங்கல்லுக்கு வரி போட்டது: ஆயிரம் கல்லுக்கு இரண்டரை ஷில்லிங். வரி எண்ணிக்கைக்குத்தானே என்று சூளைக்காரர்கள் கல்லைப் பெரிதாக அறுக்கத் தொடங்கினார்கள். அரசு விடுமா? 1803-இல் பெரிய கல்லுக்கு இரட்டை வரி விதித்தது. 1850-இல்தான் அந்த வரி ஒழிந்தது. போர் புரிந்தவர்கள் யாரோ, ஏழையின் சுவரில் ஒவ்வொரு கல்லுக்கும் தண்டம்! உப்புக்கும் வரி கட்டிய நமக்கு இது விளங்காததல்ல.

கல்லை எண்ணி எண்ணி வைக்கவேண்டிய அந்நாட்டுச் சிற்றூர்களில் வழங்கிய சிக்கனமான கட்டு ஒன்றுண்டு. தென் இங்கிலாந்தில் ஹாம்ப்ஷைர், பெர்க்‌ஷைர், கென்ட் முதலிய பகுதிகளில் கூலியாட்களின் குடில்களிலும் தொழுவங்களிலும் தோட்டச் சுவர்களிலும் அதைக் காணலாம். கல்லைப் படுக்கவைக்காமல் அதன் விளிம்பில் நிறுத்துவார்கள். வெளிமுகத்துக்கு ஒன்று, உள்முகத்துக்கு ஒன்று. இரண்டுக்கும் நடுவே வெற்றிடம். அவற்றையடுத்து ஒரு கல்லைக் குறுக்கே, அதையும் விளிம்பில் நிறுத்தி, இரு முகங்களையும் இணைத்துவிடுவார்கள். மேலிருந்து பார்த்தால் பெட்டி பெட்டியாக வெற்றிடங்கள் தெரியும். ஆகவே அதற்கு ‘ராட் ட்ராப் பாண்ட்’, அதாவது எலிப்பொறிக் கட்டு என்று பெயர் வந்தது.

கணக்கைப் பார்ப்போம். ஒன்பது அங்குல நீளமும் நாலரை அங்குல அகலமும் மூன்று அங்குலக் கனமும் உள்ள கல்லை எடுத்துக்கொள்வோம். அரை அங்குலக் கலவை. பத்தடி உயரச் சுவருக்கு வழக்கமான கட்டில் ஏறத்தாழ 34 வரிசை தேவை. எலிப்பொறிக் கட்டில் 24 வரிசை போதும். நூறு சதுர அடிச் சுவருக்கு வழக்கமான கட்டில் ஏறத்தாழ 865 கல் பிடிக்கும், இதிலோ 665. சுவரின் கனம் இரண்டிலும் ஒன்பது அங்குலமே. கல்லில் கால் பங்கு மிச்சம். வரிசை குறைவதால் சிமெண்டும் மணலும் குறைகின்றன. நடுவே அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது. அங்கே குளிருக்கு உதவியது, இங்கே மேற்குச் சுவரில் அடிக்கும் பிற்பகல் வெயிலுக்கு உதவுகிறது.

இதை இந்திய மண்ணில் பரப்பியவர் லாரி பேக்கர். 1917-இல் பர்மிங்ஹாம் நகரில் பிறந்து, அங்கேயே கட்டடக் கலை பயின்று 1937-இல் தேறியவர். இரண்டாம் உலகப் போரின்போது மருத்துவத் தொண்டராகச் சீனாவுக்குச் சென்றார். தாய்நாடு திரும்பும் வழியில் கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்தபோது காந்தியடிகளைச் சந்திக்கும் வாய்ப்பு வாய்த்தது. ஒரு கிராமத்து வீடு அதனைச் சுற்றி ஐந்து மைல் தொலைவுக்குள் கிடைக்கும் பொருள்களால் கட்டப்பட வேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்து அவர் உள்ளத்தில் தைத்துவிட்டது. சற்றே எண்ணிப் பார்த்தால், அவருடைய நாட்டுக் குடியானவன் இருநூறு ஆண்டுகளாகச் செய்துவந்ததும் அதுதானே!

1945-இல் தொழுநோயாளர்களுக்கான மருத்துவமனைகளைக் கட்டித்தர இந்தியா வந்தார். கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர் எலிசபெத்தை 1948-இல் மணந்து, இமயமலைச் சாரலில் பித்தோராகரில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 1963-இல் கேரளம் வந்து, பின்னர் திருவனந்தபுரத்தில் நிலைகொண்டார். ஏழைக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கும் அவர் கட்டிய வீடுகள் கணக்கில. அங்கே உள்ளூரிலுள்ள வளர்ச்சி ஆய்வு மையமும், தம்பானூர் இரயில் நிலையத்துக்கு அருகே செங்கல்லால் சுருள்சுருளாக உயரும் இந்தியன் காபி ஹவுஸும் அவர் வடிவமைத்தவை. 1989-இல் இந்தியக் குடியுரிமை பெற்றார்; 1990-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்; 2007-இல் மறைந்தார்.

நம் ஊர்ப்பக்கம் அவர் பெயர் அதிகம் வழங்குவதில்லை. ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில், பத்து ஏக்கர் பரப்பில் 1996 முதல் இயங்கிவரும் தட்சிணசித்ரா அவர் வரைந்து கொடுத்த அமைப்பே. அவருடன் பணியாற்றிய பென்னி குரியகோஸ் அதை நிறைவேற்றினார். செட்டிநாட்டு வணிகர் வீடு, காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீடு, கேரளத்துப் புதுப்பள்ளி வீடு எனப் பழைய இல்லங்கள் பலவற்றை இருந்த இடத்திலிருந்து பிரித்துக் கொண்டுவந்து அங்கே மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். இடிப்பதற்குக் கூலி கொடுத்து, இடிபாட்டை லாரியில் ஏற்றிக் குட்டையில் கொட்டும் நாம், கதவையும் தூணையும் ஓட்டையும் எண்ணி எடுத்துவந்து மறுபடி நிறுத்தியவர்களின் பொறுமையை ஒருமுறையேனும் சென்று காணவேண்டும்.

செங்கல் நம் கடற்கரைக்குப் புதியதன்று. டச்சுக்காரர்கள் கட்டிய சதுரங்கப்பட்டினம் கோட்டையின் செங்கற் சுவர்கள் கல்பாக்கத்துக்கருகே இன்றும் நிற்கின்றன. கோவளத்துக் கோட்டை அந்த அளவுக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1752-இல் கிளைவ் அதைக் கைப்பற்றித் தகர்த்தார். பழைய வீடுகளின் ‘மெட்ராஸ் டெரஸ்’ தளத்தை அண்ணாந்து பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும்: தேக்கு உத்திரங்களின்மேல் மெல்லிய செங்கற்களை விளிம்பில் நிறுத்தி, சாய்வாக நெருக்கி அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி இடித்திருப்பார்கள். கல்லை நிறுத்திவைக்கும் வித்தை நம் முன்னோர் கைக்கும் பழகியதே. அவர்கள் தளத்தில் வைத்தார்கள், சீமைக் குடியானவன் சுவரில் வைத்தான்.

சென்ற ஆண்டு, என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்தவர், வீட்டு வரைபடத்துடன் மதரஸாவுக்கு வந்தார்.

“ஹஜ்ரத், மூன்று சென்ட் மனை இருக்கிறது. கையிலிருப்பது தளம் போடும்வரை வரும். அதற்குமேல் வங்கியில் கேட்கலாமென்று இருக்கிறேன்.”

“வட்டிக்கா தம்பி?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “அம்மா கூடாதென்கிறார்கள். வீட்டில், வாடகை வீட்டில் எத்தனை நாள் என்று கேட்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் இருக்கிறது ஹஜ்ரத்.”

வரைபடத்தை வாங்கிப் பார்த்தேன். வீட்டு முகப்பில் நான்கு தூண்கள். அவை எதையும் தாங்கவில்லை. மாடிப்படியின் மேல் ஒரு கூண்டு. அதன்மேல் ஒரு குமிழ். தெருவில் போகிறவர்களுக்காகக் கட்டப்படும் வீடு என்று சொல்லலாம். அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. பதினொரு ஆண்டுகள் அயல்நாட்டில் உழைத்தவன் ஊரார் பார்க்கும்படி ஒரு வீடு எழுப்ப ஆசைப்படுவது இயல்பு. ஆனால் அந்த நான்கு தூண்களுக்காக வட்டி கட்டப்போவது அவருடைய மக்களும்தான்.

எலிப்பொறிச் சுவரைப் பற்றி அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அச்சுவர் ஒன்றினால் கடன் தேவைப்படாது என்று சொல்லிவிட்டால் அது உண்மையாகாது. வீட்டுச் செலவில் செங்கல் ஒரு பகுதிதான். கம்பி, தளம், கதவு, கழிப்பறை, மின்சாரம் எல்லாம் அப்படியே நிற்கின்றன. சுவரில் மிச்சம், உட்புறம் சில சுவர்களைப் பூசாமல் விட்டால் மிச்சம், தூணும் கூண்டும் நீங்கினால் மிச்சம், மாடியைப் பின்னொரு நாளுக்குத் தள்ளினால் மிச்சம் என்று ஒவ்வொன்றாகக் கூட்டினால்தான் கணக்கு கைக்குள் வரும். அந்தக் கணக்கை அவரும் நானும் பொறியாளர் ஒருவரும் அஸருக்குப் பிறகு உட்கார்ந்து மஃரிப் பாங்குவரை போட்டோம். ஒரு கூடம், இரண்டு அறை, சமையற்கட்டு. மாடிக்கு இடம் விட்ட அஸ்திவாரம். கையிருப்புக்குள் வந்தது. அவருடைய தாயார் அன்றிரவு எங்கள் வீட்டுக்குப் பாயசம் அனுப்பியிருந்தார்.

கொத்தனார்தான் எளிதில் இணங்கவில்லை. “உள்ளே பொந்தாக இருந்தால் சுவர் எப்படிப் பாரம் தாங்கும்?” என்றார். அனுபவசாலியின் கேள்வி; தள்ளிவிடக் கூடாது. அடித்தளத்தின் மேல் முதல் வரிசையையும், சன்னலின் அடிவரிசையையும், லிண்டலுக்குக் கீழும் தளத்துக்குக் கீழுமுள்ள வரிசைகளையும் வெற்றிடமின்றிக் கெட்டியாகக் கட்டவேண்டும். கதவு, சன்னல் நிலைகளின் ஓரங்களும் அவ்வாறே. மூலைகளில் வெற்றிடத்துக்குள் கம்பி நிறுத்திக் கான்கிரீட் ஊற்றிவிடலாம். நிலநடுக்கத்துக்கு அது நல்ல பாதுகாப்பு. இப்படிக் கட்டிய சுவர்களின்மேல் இரண்டு அடுக்கு வீடுகள் நிற்கின்றன. கெட்டி வரிசைகள் சேரும்போது மிச்சம் சற்றுக் குறையும். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் இல்லங்களுக்குப் பேக்கரிடம் பெற்றுக்கொள்ள இன்னொன்றும் உண்டு. எனக்கு அதுவே அதிகம் பிடித்தது. சீமைக் குடிலில் சன்னல் சிறியது, அடைத்தே இருக்கும். அதை அப்படியே இங்கு கொண்டுவந்தால் வெந்து போவோம். ஆகவே அவர் அந்தச் சுவரில் ‘ஜாலி’ வைத்தார். கற்களுக்கிடையே துளை விட்டு வலைபோல் அடுக்குவதுதான் ஜாலி. இதற்கு அவர் கடன்பட்டது நம் முன்னோரிடம். ஃபதேஹ்பூர் சிக்ரியில் சலீம் சிஷ்தி அடக்கத்தலத்துப் பளிங்கு ஜாலியையும், அகமதாபாதில் 1570-களில் எழுந்த சிதி சையத் பள்ளிவாசலின் மரக்கிளை வடிவ ஜாலியையும் படத்திலேனும் பாராதவர் இரார். பளிங்கில் செதுக்கியதை அவர் மூன்று அங்குலச் செங்கல்லில் ஏழைக்குச் செய்து கொடுத்தார்.

ஜாலியின் பயன் காற்று மட்டுமன்று. உள்ளே நிழல், வெளியே வெளிச்சம். ஆகவே பகலில் உள்ளிருப்பவர் தெருவைக் காண்பார், தெருவிலிருப்பவர் உள்ளே காணமாட்டார். நம் பெண்மக்கள் சன்னலை மூடித் திரையும் போட்டுவிட்டு மின்விசிறியின் கீழ் வியர்த்துக் கிடக்கிறார்கள். பர்தாவையும் காற்றையும் ஒருசேரக் கொடுக்கும் இச்சுவரை நாம் எப்படி மறந்தோம் என்பது எனக்கு வியப்பே. மரச்சட்டம், கதவு, கண்ணாடி, இரும்புக் கம்பி எதுவும் வேண்டியதில்லை; அந்தச் செலவும் மிச்சம். இரவில் விளக்கெரியும்போது நிலைமை தலைகீழாகும். ஆகவே படுக்கையறைக்கு இது ஆகாது. கூடத்துக்கும் சமையற்கட்டுக்கும் மாடிப்படிக்கும் ஏற்றது. கொசுவுக்கு உட்புறம் வலை அடித்துக்கொள்ள வேண்டும்.

கடலோரத்தில் இருக்கும் நமக்குச் சில எச்சரிக்கைகள் தனியாக உண்டு. வடகிழக்குப் பருவமழை கடலிலிருந்து வந்து கிழக்குச் சுவரை அறைகிறது. எலிப்பொறிக் கட்டில் குறுக்குக் கல் வெளிமுகத்திலிருந்து உள்முகம்வரை நீள்வதால், ஈரம் அதன் வழியே உள்ளே நடந்து வந்துவிடும். செங்கல் பூசாமல் நின்றால்தான் அழகு என்ற பிடிவாதம் திருவனந்தபுரத்துக்குப் பொருந்தலாம்; கோவளத்தில் கிழக்குச் சுவரை வெளிப்புறம் பூசிவிடுவதே அறிவுடைமை. கூரையை இரண்டடி வெளியே நீட்டினால் இன்னும் நல்லது. கடல் மணலைக் கலவையில் சேர்க்கவே கூடாது. அருகில் கிடைக்கிறது, விலையில்லை என்று சேர்த்தவர்களின் வீடுகளில் உப்புப் பூத்துப் பூச்சு உதிர்வதையும், கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் பிளப்பதையும் நம் தெருக்களில் காண்கிறோம். ஐந்து மைலுக்குள் கிடைப்பதை எடுத்துக்கொள்ளச் சொன்ன அறிவுரைக்கு இது ஒரு விலக்கு.

கல் நன்றாக வெந்திருக்க வேண்டும். விளிம்பு உடையாமல் நேராக இருக்கவேண்டும். விளிம்பில் நிறுத்தும் கல் கோணலாக இருந்தால் சுவர் கோணும். இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்கவேண்டும். இடுப்பளவு உயரத்திலிருந்து தரையில் விட்டால் உடையக்கூடாது. கட்டுமுன் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். இல்லையெனில் கலவையின் ஈரத்தைக் கல் குடித்துவிடும். கலவை வெற்றிடத்துக்குள் விழாதிருக்க மூன்று அங்குலப் பலகைத் துண்டு ஒன்றைப் பொந்தின்மேல் வைத்துக்கொண்டு கட்டி, பிறகு அதை உருவி அடுத்த இடத்துக்கு நகர்த்தவேண்டும். மின்கம்பிக் குழாய் எங்கெங்கே ஓடவேண்டும் என்பதைச் சுவர் எழும்பும்போதே தீர்மானித்துப் பொந்தின் வழியே விட்டுவிட வேண்டும். பின்னால் உளி வைத்து வெட்டினால் ஒற்றைக் கல் முகம் உடைந்துவிடும். இதற்குமுன் இவ்வகையில் கட்டியிராத கொத்தனாராயின், மனையின் ஓர் ஓரத்தில் மூன்றடி நீளம், மூன்றடி உயரத்துக்கு மாதிரிச் சுவர் ஒன்றைக் கட்டச் சொல்லுங்கள். ஓரிரு வேளை வேலைதான். சரியாக வந்தால் தண்ணீர்த் தொட்டிக்கு மறைப்பாக அது அங்கேயே இருக்கட்டும்.

முட்டுக்காடு செல்ல எண்ணுவோர் செவ்வாய்க்கிழமையைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். அன்று தட்சிணசித்ராவுக்கு விடுமுறை. வீட்டுப் பெண்களையும் அழைத்துச் செல்லுங்கள். முடிந்தால் வீட்டைக் கட்டப்போகும் கொத்தனாரையும்.